கஸ்தூரி தானே வெட்டி எடுத்த குரல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பையன் இப்போதுதான் தூங்கினான்...

நம் கஸ்தூரி போய்விட்டாள். எம்.ஏ. ஹிஸ்டரியில் இரண்டு வருஷம் நம்மோடு படித்த நெட்டுக்குப்பம் கஸ்தூரி.

நேற்றுக் காலை ஸ்கூட்டியில் திருவொற்றியூர் பக்கம் வந்துகொண்டிருந்தாளாம். பின்னால் கன்டெய்னர் லாரி... அதற்கு மேல் எழுத வரவில்லை. ஃபோனைக்கூடத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கினார்களாம்.

இன்று மதியம் எல்லாம் முடிந்தது.

செகண்ட் இயரில் என் வயிற்றில் பையன். வைவா அன்றைக்குப் பயத்தில் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை நான். அவள்தான் கதவைத் தட்டினாள்.

"அடியே ஜெனி, நீ இப்டி பயந்துகினே இருந்தீன்னா உள்ள கீறவன் நாளைக்கு ஸ்கூலுக்கே போவ மாட்டான்டி. வெளிய வா, சார் கடிக்க மாட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் வைவாவுக்கு உள்ளே போனேன்.

அந்த ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? பவர் ஹவுஸ் சாம்பல் கலப்பதற்கு முன்பு எண்ணூர் ஆறு எப்படி இருந்தது என்று குப்பத்துப் பெரியவர்களைப் பேச வைத்து ரெக்கார்டு செய்தோமே. நாம் கேட்டால் "ஆமா, இல்ல" அவ்வளவுதான். கேள்வியெல்லாம் கடைசியில் கஸ்தூரிதான் கேட்டாள்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தர் அவளை மடக்கப் பார்த்தார். "இன்னா கஸ்தூரி, எம்.ஏ. படிக்கிற, ஆத்த பத்தி என்னாண்ட வந்து கேக்குற?"

"உன்னாண்ட கேக்காம, பவர் ஹவுஸ் சிம்னியாண்டயா போய் கேப்பாங்க நைனா?"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

வகுப்பில் போட்டுக் காட்டும் முன்னால், கேள்விகளை எடுத்துவிடுங்கள், பேசுகிறவர் குரல் மட்டும் இருக்கட்டும் என்று டிபார்ட்மென்ட்டில் சொன்னார்கள். அவளே உட்கார்ந்து தன் குரல் வந்த இடத்தையெல்லாம் வெட்டினாள்.

"ஒண்ணாவது வைடி" என்றேன்.

"என் கொரலு காக்கா கணக்கா கீது. நைனா பேசறதுதான் ஹிஸ்டரி. நடுவுல நான் இன்னாத்துக்கு?"

இன்று அவள் வீட்டில் அவள் மகளைப் பார்த்தேன். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. யார் ஃபோன் அடித்தாலும் ஓடி வந்து பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்கிறது. "அம்மா... பேசு" என்கிறது.

அவள் வீட்டுக்காரர் ரகு அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, உன்னாண்ட அவ கொரலு எதுனா கீதா? வாய்ஸ் மெசேஜே போட மாட்டா, எதுன்னாலும் கால்தான். கல்யாண வீடியோல பாத்தா ஃபுல்லா பாட்ட போட்டு வெச்சிகீறானுங்க..."

தேடிப் பார்க்கிறேன், நாளைக்குக் கூப்பிடுங்கள் அண்ணா என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய மெயிலில் தேடி அந்த ப்ராஜெக்ட் ஆடியோவை எடுத்தேன். முழுக்கக் கேட்டேன். அந்தப் பெரியவர் சிரிக்கிறார், இருமுகிறார், மறுபடி சிரிக்கிறார்.

எதற்குச் சிரிக்கிறார் என்பது அதில் இல்லை.

அப்புறம் பையனுக்குச் சோறு ஊட்டும்போது ஃபோனில் ரெக்கார்டு போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "யாருக்கும்மா ரெக்கார்டு பண்ற?" என்று கேட்டான். உனக்குத்தான் என்றேன்.

அன்றைக்குக் குப்பத்தில் அவள் ஃபோனில் இடமில்லை. வெட்டாத ரெக்கார்டிங்குகளை நம் டீமில் ஆளுக்குக் கொஞ்சம் அங்கேயே அனுப்பிவிட்டாள். எனக்கு வந்தது பழைய ஃபோனோடு போய்விட்டது.

உங்களில் யாரிடமாவது இருக்கலாம். டிராயரில் கிடக்கிற பழைய ஃபோனுக்கு ஒரு தரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள், ப்ளீஸ். ஒரு கேள்வி இருந்தாலும் போதும். அவள் "ம்" கொட்டியது இருந்தாலும் போதும்.

போய்விட்டு வா கஸ்தூரி...

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். நாளைக்கு ரகு அண்ணா கூப்பிடுவார். சீக்கிரம் பதில் போடுங்கள்.