பாத்திரக் கூடையில் ரெக்கார்டுகள்

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஜனத்தையே மேலும் கீழும் அனுப்பிவைக்கிற மனிதர், யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவிதான் பேசினார். போன வருஷம் அந்த அம்மா இறந்ததும் அந்த வீடே வாயை மூடிக்கொண்டது.

அந்த அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ரெக்கார்டு ஒன்று உண்டு. சரணத்தில் ஓரிடத்தில் முள் சிக்கிக்கொண்டு, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடும். உடனே சமையலறையிலிருந்து அந்த அம்மாவின் சத்தம் வரும்: "முள்ள நகத்துங்க! ஒரு நாளாவது அந்த அழுக்கைக் கழுவுனா கொறைஞ்சா போயிடுவீங்க?" கீழே நான் சிரிப்பேன். அந்த அம்மா போனபிறகும் முள் அங்கே சிக்கும். மெக்கானிக் வெகுநேரம் அதை நகர்த்தவே மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் போய்ச் சொல்ல மனசு வராது.

இந்த வருஷம் ரெக்கார்டு கழுவக் கற்றுக்கொண்டார். அதற்கென்று விற்கும் மெஷினுக்கு யானை விலை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், பாத்திர சோப்பு ஒரே சொட்டு, குழந்தைகளின் பல் பிரஷ், இவ்வளவுதான் அவர் முதலீடு. நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமலிருக்க ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்துவைத்து, கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பார். பழைய சாமான் கடை ரெக்கார்டுகளில்தான் கை பழகினார். மனைவியின் பாட்டைத் தொட மட்டும் பயம், கீறல் விழுந்தால் போச்சு. கழுவியதையெல்லாம் பாத்திரக் கூடையில் நிறுத்திக் காயவைப்பார். கூடையில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றே ஒன்றுதான், மற்ற இடமெல்லாம் ரெக்கார்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே அந்தப் பாட்டு கேட்டது. கரகரப்பே இல்லை. அந்த இடம் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது. 'மனுஷன் சாதிச்சுட்டார்' என்று பாராட்ட மாடி ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. பாட்டு முடிந்து ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில், முள்ளை நகர்த்த நீட்டிய விரலை மடக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"பிரமாதங்க! நிக்கவே இல்லையே?" என்றேன்.

"ஆமாங்க, நிக்கல" என்றார். "அவ சொன்னாளேன்னு கழுவிட்டேன். இத்தன நாளும் அந்த எடம் வந்தா அவ கத்துறது காதுல கேக்கும். இனிமே என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு காரணமும் இல்லீங்க."