காரை பூசாத செங்கல்

ஊரை விட்டே போய்விடலாம் என்று பாலக்கரையிலிருந்து ரயிலடிக்கு நடந்துகொண்டிருந்த என்னைப் பழைய காரைப் புழுதியின் வாசனை நிறுத்தியது. நான் பிறந்த முனிசிபல் லைன் வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் செலின் அக்கா வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒற்றைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒரு செங்கல்லுக்கு மட்டும் காரை கிடையாது. அதை உருவினால் இங்கிருந்து நெருப்புத் துண்டு போகும், அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் வரும், அம்மா டைபாய்டில் கிடந்த நாளெல்லாம் எனக்குச் சோற்று உருண்டைகளும் அந்த வழியாகத்தான் வந்தன. “வாங்குடா சீக்கிரம், துரைக்கு இலை போட்டுப் பரிமாறணுமோ?” என்று அக்காவின் குரல் கேட்கும், வளையல் போட்ட கை மட்டும் தெரியும். அந்தச் சுவர் இன்னும் நின்றது. விடிந்தால் அதுவும் விழும். நான் ரயிலேறவில்லை. மறுநாள் காலை அங்கேயே இடிக்கிற கூலியாகச் சேர்ந்து, “அந்தச் சுவரை எனக்கு விடுங்க மேஸ்திரி” என்றேன். அந்தச் செங்கல்லுக்கு மட்டும் கடப்பாரை தேவைப்படவில்லை.