கம்ப்ளைண்ட் யார் மேல?

என்னைக் கமிட்டியில் சேர்த்ததற்குக் காரணம் என் தைரியமோ நேர்மையோ இல்லை. எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பிய அன்று நான் நல்ல புடவை கட்டியிருந்தேன், அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து வந்த ஹெச்.ஆர். பெண், "அக்கா, ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ" என்றாள். அடுத்த வாரம் கேன்டீன் சுவரில் என் முகம் தொங்கியது. கீழே 'உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்' என்று போட்டிருந்தது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணிடம் யாராவது முறைகேடாக நடந்துகொண்டால் விசாரிக்க வேண்டிய குழு அது. நான் கவனித்ததெல்லாம் போட்டோவில் மூக்குத்தி தெரிகிறதா என்பதைத்தான். தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறவள் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் தையலில் குறை சொன்னவர்கள் கம்மி. சொன்னவர்களை நான் சும்மா விட்டதும் கம்மி.

கமிட்டி ஆரம்பித்து இரண்டு வருஷம் ஒருத்தியும் எங்களிடம் வரவில்லை. எங்கள் கம்பெனி ஆண்கள் அத்தனை பேரும் தங்கக் கம்பிகள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி பஸ்ஸில், என் லைனில் நாலு மெஷின் தள்ளித் தைக்கிற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் சட்டப்படி தப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். சின்ன வயசு, ஒரு குழந்தை, நல்ல வேலைக்காரி. சனிக்கிழமையோடு வேலையை விட்டு நிற்கப்போவதாகச் சொன்னாள்.

"இன்னாடி ஆச்சு?"

"சூப்பர்வைசர்தான்க்கா."

தையல் பார்க்கிற சாக்கில் தோளில் கை வைக்கிறானாம். நகர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நெருங்கி வருகிறானாம். வீட்டுக்குப் போன பிறகும் போனில் மெசேஜ். பதில் போடாவிட்டால் மறுநாள் எல்லார் எதிரிலும் அவள் தைத்ததைத் தூக்கி எறிகிறானாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "செவுத்துல என் மூஞ்சி தொங்குதே, கண்ணு தெரியலியா? எங்ககிட்ட வர்றதுக்கு இன்னா?" என்றேன். ரகசியம் காக்க வேண்டிய உறுப்பினர் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு என்னைவிடக் கோபம். "கம்ப்ளைண்ட் கமிட்டிக்கு நா ஏன்க்கா வரணும்? எம்மேல இன்னா கம்ப்ளைண்ட் இருக்குது? என் தையல்ல ஒரு கொற காட்டுங்க பாப்போம்!"

எங்கள் தொழிலில் கம்ப்ளைண்ட் என்றால் பையரிடமிருந்து திரும்பி வந்த ஷூ. 'கம்ப்ளைண்ட் வந்துட்சு' என்று சத்தம் கேட்டால் எந்த மெஷினில் தைத்தது என்று தேடிக்கொண்டு வருவார்கள். தைத்தவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். போர்டில் 'புகார்' என்று இருந்தாலும், ஹெச்.ஆர். முதல் வாட்ச்மேன் வரை எல்லார் வாயிலும் அது கம்ப்ளைண்ட் கமிட்டிதான். ஆக, எங்களிடம் வருகிறவள் குறையுள்ளவள். இரண்டு வருஷமாக ஏன் ஒருத்தியும் வரவில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நான் அடித்துக்கொண்ட பெருமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அவன்தான்டி கம்ப்ளைண்ட் பீஸு," என்றேன். "நீ செக்கர்."

செக்கர், குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். ஷூவில் குறை இருப்பதற்காக அவள் வெட்கப்படுவதில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "எத்தினி ஸ்டிக்கர்க்கா ஒட்றது?" என்று கேட்டாள்.

மறுநாள் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன சொன்னான், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாக. ஒரு வரி அழுகை கிடையாது.

அவளையும் உட்கார வைத்துக் கமிட்டி கூடியது. சட்டப்படி வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் வாணியம்பாடியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா வந்திருந்தார். விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம், அவள் நல்லதுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவன் கண்ணில் படாமல் இருக்கலாம், வேலையும் நிலைக்கும். நான் தலையாட்டிவிட்டேன்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "அட்டப்பெட்டி மடிக்கவா அக்கா நா தையல் கத்துக்கினேன்? கைய வெச்சது அவன். எழுந்து போறது நானா?"

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேர்ல யார வேணா மாத்தலாம்னுதான் சட்டம் சொல்லுது. ஆனா அத கேக்க வேண்டியது நீ, மேனேஜர் இல்ல. எழுதிக் குடும்மா."

அங்கேயே எழுதினாள். இரண்டே நாளில் அவன் லெதர் குடோனுக்குப் போனான். அவள் தன் மெஷினிலேயே உட்கார்ந்தாள்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. "தங்கச்சி மாதிரிதான் மேடம் பழகினேன்" என்றான். வக்கீல் அம்மா அவன் அனுப்பிய மெசேஜை நிதானமாகப் படித்துக் காட்டி, "தங்கச்சிக்கு இப்டிதான் அனுப்புவியாப்பா?" என்று கேட்டார். அதோடு சரி. பக்கத்து மெஷின்காரிகள் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அவன் வேலை போனது. பையர் ஓடிவிடுவானோ என்று மேனேஜர் பேஜாராகிக் கிடந்தார். ஆர்டர் வழக்கம்போல வந்தது.

எல்லாம் முடிந்த அன்று பஸ்ஸில் எனக்குக் கடலைமிட்டாய் கொடுத்தாள். இரண்டு பேரும் மென்றுகொண்டு வந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது கேட்டாள்: "அன்னைக்கி ஏன்க்கா பேக்கிங்குக்குத் தலையாட்டினீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கத் தோன்றவில்லை, உள்ளதைச் சொன்னேன். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கும் இப்படி ஒருத்தன் இருந்தான். எழுந்து போனது நான். பசை வாசனையில் தலைவலிக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலையை விட்டேன். இன்றுவரை வீட்டில் அதைத்தான் நம்புகிறார்கள்.

"இப்ப கம்ப்ளைண்ட் குடுக்கலாம் இல்லக்கா?"

"மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்டி, சட்டம் அப்டி. எனக்கு இருபத்திரெண்டு வருஷம் ஆவுது." சிரிப்பாள் என்றுதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். "சட்டம் கெடக்குது. நீங்க சொல்லுங்க, நா எழுதிக்கிறேன்."

அவன் பெயரைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன்.