பித்தளை வளையமும் அழகர்கோவில் கயிறும்

போன வாரம் மச்சான் வீட்டில் ஸ்குரூ டிரைவர் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைக் கிளறினேன். அடியில் கொக்கியில் மாட்டியபடி ஒரு பித்தளை வளையம் கிடந்தது. கொக்கியோடு ஒட்டி அறுபட்ட நீலத் துணி, இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டிய, சாயம் போன கயிறு. துணியில் இருந்த தையல் என்னுடையது. கயிற்றில் இருந்த இரட்டை முடிச்சும் என்னுடையது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். ஆரப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். நேர் ரோட்டில் நானூறு மீட்டரை யார் முதலில் கடப்பது என்ற கார்ப் பந்தயத்தில் அவருக்கு அப்படியொரு கிறுக்கு. அவரைவிட வயதில் மூத்த பியட் ஒன்றை வாங்கிவந்து, எடை குறைய வேண்டுமென்று உரித்து எடுத்துவிட்டார். பின் ஸீட், கண்ணாடி, பம்பர் எல்லாம் போயின. போர்வெல் குழாயை வெட்டி வளைத்து சைலன்சர் செய்தார். பெரிய கார் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தார். கடைசியில் முன் சக்கர பிரேக்கையும் கழற்றிப் போட்டுவிட்டார். “நிக்கிறதுக்கு என்ன செய்வீக?” என்று அக்கா கேட்டதற்கு, “உன் தங்கச்சி எதுக்கு இருக்கா?” என்றார்.

நான் அப்போது தையல் கடை வைத்திருந்தேன். குடைத் துணியை வாங்கிக் கொடுத்து, என்னையே பாராசூட் தைக்க வைத்தார். அதைக் குடை என்றுதான் சொல்வோம். காரின் பின்னால் ஒரு நீலப் பை, அதற்குள் குடை. பையின் வாயைப் பித்தளை வளையம் கொக்கியில் மாட்டிப் பிடித்திருக்கும். டிரைவர் ஸீட்டிலிருந்து கம்பியை இழுத்தால் வளையம் கழன்று குடை விரியும், கார் நிற்கும். ஆறு முறை இழுத்துப் பார்த்தோம். ஆறு முறையும் விரிந்தது. மச்சான் என்னைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டார்.

கொட்டாம்பட்டிப் பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ரோட்டில் பந்தயம். அக்கா அப்போது மூன்று மாதம். அவளால் வர முடியவில்லை. அழகர்கோவில் கருப்பசாமி சந்நிதியில் வாங்கிய கயிற்றை என் கையில் கொடுத்து, “வண்டியில கட்டாம விட்றாதடி” என்றாள். எதில் கட்டுவது? கண்ணாடி இல்லை, பம்பர் இல்லை, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதென்று மச்சான் உத்தரவு. பின்னால் பித்தளை வளையம் பளபளவென்று இருந்தது. சாமியைக் கும்பிட்டு, கயிறு கழன்றுவிடக் கூடாதே என்று, வளையத்தையும் கொக்கியையும் சேர்த்துக் கட்டினேன். தைத்தவள் நான். அது கழன்றால்தான் குடை விரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சாமி கயிற்றைக் கையில் வாங்கினால் அதெல்லாம் ஞாபகம் வருகிறதா, என்ன!

மச்சான்தான் ஜெயித்தார். ஆனால் குடை விரியவில்லை. ரோடு முடிந்த இடத்தில் கார் பாய்ந்து, வறண்ட கண்மாயில் இறங்கிக் கவிழ்ந்தது. நாங்கள் ஓடிப் போனபோது கால் எலும்பு முறிந்த மனிதர் காரின் பின்பக்கம் கிடந்தார். தூக்கி எறியப்பட்டிருக்கிறார் என்று நினைத்தோம். “கம்பிய இழுக்க மறந்துட்டேன்” என்று அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குக் கால் சரியில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் மறதி மன்னர். அக்கா வைத்த பெயர். இத்தனை வருஷமாக நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்தேனே, பாவி!

வளையத்தோடு போய் அவர் முன்னால் நின்றேன். மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அந்தக் காலோடயா பின்னால தவழ்ந்து போய் இதை அறுத்தீங்க?”

“ஆபத்துன்னா ஸீட் பெல்ட்டை அறுக்கக் கத்தி வச்சிருந்தேன்ல.”

“ஏன் மச்சான் சொல்லல?”

“உங்க அக்கா அன்னைக்கி இருந்த இருப்புக்கு உன் மூஞ்சியில முழிச்சிருப்பாளா? எனக்குத்தான் காலு போச்சு. உனக்கு அக்கா எதுக்குப் போகணும், புள்ள?”

வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: “அப்புறமாவது தூக்கிப் போட்டிருக்கலாம்ல?”

“சாமி கயித்தைக் குப்பையில போடச் சொல்றியா?” என்று கோபித்துக்கொண்டார்.

அதற்குள் அக்கா காபியோடு வந்துவிட்டாள். “என்ன, மறதி மன்னர் ஸ்குரூ டிரைவரை எங்க வச்சாராம்?” என்றாள். மச்சான் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். காபித் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் உள்ளங்கையில் அந்த வளையத்தை வைத்தேன்.

“அக்கா, அவர் மறக்கல. இழுத்திருக்காரு. நீ குடுத்த கயித்தை நான் இதுலதான் கட்டுனேன்.”

அக்கா முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு மச்சானின் காலைப் பார்த்தாள்.

“இம்புட்டு வருசமா…” என்றாள்.

மச்சான் காபியை எடுத்துக் குடித்துவிட்டு, “சீனி போட மறந்துட்ட” என்றார்.