ரெட்டினா என்றால் வலை

நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் இன்று காலை, நோயாளிகளுக்குக் காட்டும் பிளாஸ்டிக் கண் மாதிரியைத் துடைக்கும்போது அது கைதவறி விழுந்து பிளந்துவிட்டது. உள்ளே இருந்த ஆரஞ்சு நிறத் தகடு கழன்று மேசைக்கடியில் போனது. அதைக் குனிந்து எடுத்தபின் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தத் தகடுதான் ரெட்டினா. தமிழ்ப் பாடப்புத்தகம் விழித்திரை என்கிறது. லத்தீனில் ‘ரேட்டே’ என்றால் வலை. அதிலிருந்து வந்த பெயர் என்று கல்லூரி முதல் வருஷம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லத்தீன் வேறு தெரிந்துவிட்டால் தலைகால் புரியுமா, சொல்லுங்கள்! லீவுக்கு மரக்காணம் வந்ததும் அப்பாவிடம் ஆரம்பித்துவிட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது.

“கண்ணுல வலையா? மீனு மாட்டுமா பாப்பா?”

“வெளிச்சம் மாட்டும்பா.”

“அப்போ எனக்கு நெறைய மாட்டுது. ரெண்டு நாளா கண்ண மூடினாக்கூட ஓரத்துல பளிச் பளிச்சுங்குது.”

அம்மா அடுப்படியிலிருந்து, “உப்பு வார்ற ஆளுக்குக் கண்ணு மின்னாம பல்லா மின்னும்?” என்றாள்.

உப்பளத்தில் அது சகஜம். உச்சி வெயிலில் வாரி முடித்ததும் வரப்பில் உட்கார்ந்து ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொள்வார்கள். ‘மின்னல் எறங்கட்டும்’ என்பார்கள். இறங்கிய பிறகுதான் சோற்றுத்தூக்கைத் திறப்பார்கள். உவரும் வியர்வையும் கலந்த அந்தத் துண்டு வாடை எனக்கும் பழக்கம்தான்.

“உப்புக் கண்ணுப்பா. துண்டு போட்டுக்கோ” என்றேன். உடனே அடுத்த வார்த்தைக்கு, கண்ணின் முன்படலமான கார்னியாவுக்குக் கொம்பு என்று அர்த்தம் சொல்லப் போய்விட்டேன்.

ஐப்பசி மாசம் பாத்தியில் ஏது உப்பு? அளம் முழுக்க மழைத்தண்ணீர். அந்த வாரம் வெயிலே அடிக்கவில்லை. வீட்டில் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ரெட்டினா கிழியும்போது அப்படி மின்னும் என்று அதே பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் வேர்ச்சொல் இருந்த பக்கத்தைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

அந்த வாரமே அப்பாவின் வலது கண்ணில் கீழேயிருந்து கறுப்பாகத் திரைபோல ஏறிவிட்டது. ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை. ஒற்றைக் கண்ணில் வரப்பின் அளவு பிடிபடாமல் இரண்டு முறை விழுந்தார். உப்பு வாரப் போவதை நிறுத்திவிட்டார்.

“மின்னுனப்பவே வந்திருக்கலாமே?” என்று ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்டார்.

“பாப்பா அப்பவே சொல்லுச்சு சார். நான்தான் கேக்கல” என்றார் அப்பா.

டாக்டர் என்னை மெச்சுவதுபோலப் பார்த்தார். நான் அட்மிஷன் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அப்பா தலைவலி என்றுகூட என்னிடம் சொல்வதில்லை. நானாகக் கேட்டாலும், “ஒண்ணுமில்லம்மா” என்று எழுந்து போய்விடுகிறார்.