எலும்பக்கா கேட்ட கேள்வி

வலக்கை விரல்கள் இடது மணிக்கட்டைப் பற்றி, இரண்டு விரற்கடை மேலேறி நின்றன. இங்கேதான். கட்டைவிரல் பக்கத்து எலும்பு, கீழ்முனை. திரையில் இருந்த படத்திலும் அதே இடத்தில், மூன்று வயதுக் குழந்தையின் எலும்பு ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது.

எந்தக் கோப்பானாலும் முதலில் தன் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதற்குரிய குறியீட்டு எண்ணைத் தேடுவாள். அதனால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் எலும்பக்கா. பதினாறு வருஷத்துக்கு முன் கோப்பு அடுக்க வந்தவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய உடற்கூறு புத்தகம் ஒன்றை அட்டை கிழியும்வரை படித்து, டாக்டர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் பதியும் வேலைக்குத் தேறினாள். இப்படிப்பட்ட முறிவுக்கு ஏழு இடம் கொண்ட எண். எந்த எலும்பு, எந்த முனை, எந்தப் பக்கம், என்ன வகை, முதல் வருகையா மறு வருகையா எல்லாம் அதற்குள் அடங்கும். எப்படி அடிபட்டது என்பதற்கு வேறோர் எண். வேலைக்குச் சட்டம் ஒன்றுதான்: டாக்டர் எழுதாததை அவள் எழுதக் கூடாது.

இந்தக் கோப்பில் டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவே: ‘இடது முன்கை எலும்பு முறிவு. குழந்தைகள் காப்பக ஆயா கையைத் திருகியதாகத் தாய் கூறுகிறார்.’ அதற்கு மேலே, வாசலில் விசாரித்த நர்ஸின் கையெழுத்தில்: ‘சறுக்குமரப் படியில் விழுந்தேன் என்கிறது குழந்தை.’ கூடவே நகல் கேட்டுத் தாயின் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில், ‘காப்பகத்தில் விசாரணை, நாளை காலை.’

“என்ன, ஒரே கோப்புல உக்காந்துட்டீங்க?” என்றான் அடுத்த மேசைக்காரன். வேகத்தால் அவனுக்கு மின்னல் என்று பேர். “‘வகை குறிப்பிடப்படாதது’ன்னு ஒரு எண் இருக்கே, அது யாருக்காக? நமக்காகத்தான். போட்டுட்டு வாங்க.”

“நீ போடு. உன் கோப்பைப் படிச்சா உலகத்துல யாருக்குமே இடது வலது கிடையாதுன்னு தோணும்.”

அவன் சிரித்து முடிப்பதற்குள், நகல் கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் தைத்த மேலங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

“அம்மா, நேத்து ஒரு பாப்பா கையில அடிபட்டு வந்துச்சே. நல்லாருக்கா?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. நீங்க யாரு?”

“காப்பகத்து ஆயா. இப்ப உள்ள வராதேன்னுட்டாங்க.” குரல் இறங்கியது. “நான் திருகலம்மா. படியில கால் வழுக்கிச்சு, கையை ஊனி விழுந்துச்சு. ஓடிப் போய்த் தூக்கினேன். தூக்கினதைத்தான் அவங்கம்மா பாத்தாங்க. பதினோரு வருஷமாப் பிள்ளைங்களத் தூக்குற கை இது. நாளைக்கு என் மேல பழி விழுந்துட்டா, எவ தன் பிள்ளையை இந்தக் கையில குடுப்பா?”

“நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. அங்க உக்காருங்க.”

ஆயா நடையில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எலும்பக்கா திரைக்குத் திரும்பினாள். காகிதக் குழாயை மேசையில் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால், அது ஒடியாமல் ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும். இளம் எலும்பும் அப்படித்தான். உள்ளங்கையை ஊன்றி விழும்போது உப்பும். அதை ஆஸ்பத்திரியில் பக்கிள் முறிவு என்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் இடத்தில் அவள் இல்லை.

டாக்டருக்குக் கேள்வி எழுதினாள். ‘இது பக்கிள் முறிவுதானே?’ என்று தட்டிவிட்டு, உடனே அழித்தாள். கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது. திரும்ப எழுதினாள்: ‘முறிவின் வகை குறிப்பில் இல்லை. அடிபட்ட விதம் பற்றி நர்ஸின் குறிப்பும் உங்கள் குறிப்பும் மாறுபடுகின்றன. இரண்டையும் தெளிவுபடுத்தவும்.’

மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “எலும்பக்கா, வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே போட்டுடறேன்.”

ஒரு வார்த்தை போதும். அது நுனி நாக்கில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஆயா மேலங்கியை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்ப்பதற்கு முன்பே புடைப்பைப் பார்த்தாயிற்று. ஆனாலும் இப்போது இரக்கம் கலந்துவிட்டதோ என்று தன் கண்ணையே முழுசாக நம்பத் தயக்கமாக இருந்தது. நாளை யாராவது கேட்டால், எலும்பக்கா சொல்லி எழுதினேன் என்று டாக்டர் சொல்வார். அப்புறம் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

“நான் சொல்லக் கூடாது டாக்டர். படத்தை இன்னொரு தடவை பாருங்க.”

“நேத்தே பாத்தேனே.”

“கோவிச்சுக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

மறுமுனையில் படத்தைத் திறக்கும் சொடுக்குச் சத்தம் கேட்டது. பிறகு நீளமான ஒரு மூச்சு. “சரிக்கா. பாப்பா கைக்கட்டைச் சரி பண்ண இங்கதான் வந்திருக்கு. அதுகிட்டயும் கேட்டுட்டு எழுதறேன்.”

நான்கு மணிக்கு ஜன்னல் மூடும். பத்து நிமிஷம் இருக்கும்போது குறிப்பு வந்தது. நேற்றைய வரி அழிக்கப்படாமல், கீழே இன்றைய தேதியுடன்: ‘இடது முன்கை, கட்டைவிரல் பக்க எலும்பின் கீழ்முனையில் பக்கிள் முறிவு. கையை ஊன்றி விழும்போது ஏற்படும் வகை. குழந்தையிடம் தனியே கேட்டேன். படியில் விழுந்ததாகவே சொல்கிறது. உடம்பில் வேறு காயம் இல்லை. திருகியதற்கான அடையாளம் காணவில்லை.’

எலும்பக்கா மணிக்கட்டை மறுபடி தொட்டுக்கொண்டாள். ஏழு இடத்தையும் நிரப்பினாள். விழுந்ததற்கான எண்ணையும் சேர்த்து, நகல் எடுத்து, முத்திரை குத்தினாள்.

தாய் வந்து நின்றபடியே படித்தாள். “பக்கிள்னா?”

“அடுத்த வரியில டாக்டர் எழுதியிருக்காங்க பாருங்க.”

தாய் திரும்பப் படித்தாள். “நான் பாத்தப்போ அந்தம்மா கையைப் பிடிச்சு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நடைப் பக்கம் திரும்பினாள். பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

“இன்னொரு நகல் கிடைக்குமா?”

“யாருக்குன்னு படிவத்துல எழுதணும்.”

தாய் பேனாவை வாங்கினாள். சிறிது நேரம் யோசித்து, ‘ஆயாவுக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எலும்பக்கா இரண்டாவது தாளிலும் முத்திரை குத்தி, மை காயட்டும் என்று ஒரு தரம் ஊதிவிட்டு, ஜன்னல் வழியே நீட்டினாள்.