கில்ட் கட்டி வந்த சம்பந்தி

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனால் வெக்கையைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பெடுக்க முடியாது. ரொறன்ரோவுக்கு வந்து பதினொரு வருடம் அடுத்தவன் அடுப்படியில் நின்று, பிறகு சொந்தமாக, சாப்பாடு கட்டிக் கொடுக்கும் இரண்டு ரேக்-அவுட் கடை போட்டவன். அப்படிப்பட்ட நானே ஒரு மனிதரை வெக்கையில் அவிக்கப் பார்த்தேன். அதுவும் மரியாதை செய்கிறேன் என்று.

மகளின் கலியாணம். மண்டபம் வேண்டாம், மார்க்கம் நகரில் என் வீட்டு வளவிலேயே பந்தல் போடுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்தான். அவ்வளவு பெரிய வளவு எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆனால் மாதம் ஜூலை, முகூர்த்தம் உச்சிப் பொழுது.

மாப்பிள்ளை ஸ்கொட்லாந்து வழி வந்த பிள்ளை. தாய் இல்லை, தகப்பன் மட்டும்தான். அவர் கில்ட், அதுதான் அவர்களுடைய ஆண்கள் கட்டும் பாவாடை, கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கட்டம் போட்ட தடித்த கம்பளி, மடிப்பு மடிப்பாக முழங்கால் வரை. அதற்குக் கீழே கம்பளிச் சொக்ஸ். மேலே வேஸ்ற்கோட், அதற்கும் மேலே கோட். தன் கலியாணத்தன்று கட்டிய அதே உடுப்பாம். மகனின் கலியாணத்திலும் இதோடுதான் நிற்பேன் என்று, மனைவி சாகக் கிடந்தபோது அவரிடம் சொல்லியிருந்தாராம்.

நான் குறை வைப்பேனா? ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் முதல் கதிரை கொடுத்தேன். கழுத்து நிறைய மாலை போட்டேன். கோட்டுக்கு மேலே பொன்னாடையும் போர்த்தினேன். சனம் கை தட்டியது.

அரை மணித்தியாலத்தில் என் மனைவி வந்து சால்வையை இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சம்பந்தி வெளுத்துப் போனார்."

"பயப்பிடாதையும். உது நாங்கள் வீட்டில கட்டுற சாரம் மாதிரி. கீழால காத்து வரும்."

"நெருப்புக்குப் பக்கத்தில இருத்திப்போட்டு, காத்து வருமாம். மனிசனைக் கொல்லப் போறியளோ?"

திரும்பிப் பார்த்தேன். அவர் கை கதிரைப் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது. வேர்வை நின்றிருந்தால் உயிருக்கு ஆபத்து, உடனே அம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன். நல்லகாலம், இன்னும் வேர்த்தது. உள்ளே ஏசியில் இருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தாலி கட்டுவதைப் பார்க்காமல் எழும்பமாட்டேன் என்றார்.

மணவறையில் இருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அந்தப் பொன்னாடையை அவர் கழட்டமாட்டார். நீங்க போட்டது, கழட்டினா உங்களுக்கு இன்சல்ட் எண்டு நினைக்கிறார்."

நான் பிழை விடுவது குறைவு. விட்டால் பெரிதாகத்தான் விடுவேன்.

மாலையையும் பொன்னாடையையும் என் கையாலேயே எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். கோட்டையும் கழற்றினேன். கதிரையை நெருப்பிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கம் இழுத்தேன். கில்டின் பின் மடிப்புகளை அவர் அமுக்கிக்கொண்டு இருந்தார். அவரைக் கொஞ்சம் எழுப்பி, காற்றுப் போக அவற்றை விரித்துவிட்டேன். பிறகு புல்லில் குந்தி அவருடைய சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸை உருட்டி இழுத்தேன். பாவம், பாதம் அவித்த கிழங்கு மாதிரிச் சிவந்திருந்தது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். "அண்ணை, மாப்பிள்ளைக்குக் கால் கழுவியாச்சு. சம்பந்திக்குக் கழுவுற முறை இல்லை."

"இண்டைக்கு இருக்கு ஐயா. நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."

மனைவியின் தம்பி சிரித்தான். "அத்தான் ஆருக்கும் குனியாத ஆள் எல்லோ?"

"வாய் பாத்துக்கொண்டு நில்லாமல் ஐஸைக் கொண்டு வாரும்."

சோறு வந்த ஆழமான அலுமினிய ட்ரேயில் ஐஸும் தண்ணீரும் விட்டு, அவருடைய காலை உள்ளே வைத்தேன். ஈரத் துவாயைப் பிடரியில் போட்டேன். உப்புப் போட்ட மோரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தேன். கிச்சனில் மயங்கப் போன எத்தனையோ பேரை நான் இப்படித்தான் நிமிர்த்தினேன். மெல்ல மெல்ல அவர் முகத்தில் நிறம் வந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. அவர் ட்ரேக்குள்ளேயே எழும்பி, கணுக்கால் முட்டத் தண்ணீரில் நின்றார். ஒரு கையில் வாழ்த்தித் தூவ அறுகரிசி. மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தாலி ஏறி முடியும்வரை அசையாமல் நின்றேன்.